அப்பாவின் டியூட்டி சட்டையோடு நடித்த நடிகை

வீடியோ கேசட்டில் தணிக்கைக்காரர்களின் கத்தரி விழுந்த இடம் வந்தால், முதலில் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும், "கிர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் பார்த்தால் கதை வேறெங்கோ போயிருக்கும். தொண்ணூறுகளில் சவூதியின் அல் கோபாரில் வளர்ந்த எங்களுக்கு அது பழகிப்போன சங்கதி.

ஐலா ஆன்ட்டிக்குத்தான் பழகவில்லை. அப்பாவின் கம்பெனி இன்ஜினியர் ஒருவரின் மனைவி, ஸ்காட்லாந்துக்காரர். மீனவர் ஊரில் பிறந்தவர் என்பதாலோ என்னவோ, குளச்சல்காரியான அம்மாவின் மீன்குழம்புக்கு அடிமையாகி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். சின்ன வயதிலேயே மேடையேறி, நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, சினிமாவிலும் நடித்துவிட்டு, பெண்கள் மேடையேற வழியே இல்லாத ஊருக்குக் கணவரோடு வந்து சேர்ந்தவர். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தமிழில், "நடிகையாம்! நல்லா ரீல் விடுகா" என்பார். மொழி தெரியாவிட்டாலும் அந்தச் சிரிப்பு ஆன்ட்டிக்குப் புரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தன் படம் கடையில் கிடைத்துவிட்டதென்று கேசட்டோடு ஓடிவந்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். திரையில் ஆன்ட்டி மீனவன் மனைவியாக வந்து கதவைத் திறந்தார்; கோடுகள் ஓடின; அடுத்து யாரோ ரயிலில் போனார்கள். கணவனைக் கடலுக்கு அனுப்பும் காட்சி முழுவதும், ஒரே ஒரு முத்தத்துக்காகப் போயிருந்தது. படத்தில் அவருக்கு இருந்ததே அந்த ஒரு காட்சிதான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

ஆன்ட்டி எழுந்து டிவியை அணைத்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் டியூட்டி சட்டையை எடுத்து, அதன் காலரைச் சரிசெய்தபடியே அதனிடம் பேச ஆரம்பித்தார். போகாதே என்று ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு, கிழிந்த கையுறை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் காலரில் முத்தமிட்டார். ஆங்கிலம் ஒரு வரி தெரியாத அம்மா, சிறுவயதிலேயே தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து நின்று, "சாரி மேடம்" என்றார்.

இப்போது கேசட் கடைகள் இல்லை. ஆன்ட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வாரம் கத்தரி படாத முழுப் படமும் கைபேசியில் கிடைக்க, அம்மாவுக்குக் காட்டினேன். கதவு திறந்தது, கோடுகள் ஓடவில்லை. வாட்டசாட்டமான ஒருவனை ஆன்ட்டி முத்தமிட்டார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது யாரு மக்ளே, புதுசா ஒருத்தன்?" என்றாள். "அங்க உனக்க அப்பாக்க சட்டைதானே நின்னுது."