சிஸ்டர் கொடுத்த வேலை

பண்ணையாட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்க, வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வயல்களிலும் சிவப்புக் கொடி பறந்த காலம் அது. அப்பாவின் நிலத்தில் அறுவடையை நிறுத்திய பண்ணையாள் மாரிமுத்துவிடம் சண்டைக்குப் போய், அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கினேன். அவருடைய உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. உடனே வண்டியில் ஏறச் சொல்லி, கன்னியாஸ்திரீகள் நடத்திய மருந்தகத்துக்கு ஓட்டினேன். அக்கறையால் அல்ல, போலீஸ் கேஸாகிவிடுமே என்ற பயத்தால்.

அங்கே ஒரே ஒரு சிஸ்டர்தான் இருந்தார். வாசலிலேயே நின்றுவிட்ட என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உள்ள வாங்க. தையல் போடணும், அவர் கைய அசையாமப் பிடிங்க."

தயங்கினேன். அதுவரை பண்ணையாள் யாரையும் நான் தொட்டதே இல்லை. சிஸ்டருக்கு அது புரிந்துவிட்டது.

"எங்க இயேசு சாமி சீடர்களோட காலையே கழுவினாரு. நீங்க கையத்தானே பிடிக்கப் போறீங்க" என்று சிரித்தார்.

பிடித்தேன். ஊசி இறங்கியதும் மாரிமுத்து என் விரல்களை நசுக்கிவிட்டார். அலறியது நான்தான்.

"சிஸ்டர், சின்னய்யாவுக்கும் ஒரு தையல் போட்டு விடுங்க" என்றார் அவர்.

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், "தப்பு என்மேலதான்" என்று அவரிடம் சொன்னேன்.

அவர்கள் கேட்ட கூலி நியாயம் என்று அன்றே அப்பாவிடம் வாதாடினேன். இரண்டு நாள் கோபத்துக்குப் பிறகு அவர் இறங்கி வந்தார். தையல் பிரிக்க மாரிமுத்துவை என் சைக்கிளில் உட்காரவைத்து நானே மிதித்துப் போனேன்.

இன்றும் நான் சிவன் கோயிலுக்குத்தான் போகிறேன். ஆனால் சாமிக்குச் செய்யும் தொண்டு எது என்று எனக்குக் காட்டியவர், பெயரைக்கூட நான் கேட்டு வைக்காத அந்தச் சிஸ்டர்தான்.