நாற்பதிலிருந்து அறுபது வரை வெறும் வானம்

என் மனைவிக்கு வானத்தைக் கழிக்கிற வேலை. கேட்டவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். தொலைநோக்கி ஏதோ ஒரு விண்மீன் கூட்டத்தைப் படம் பிடித்தால், வானத்தின் மங்கல் வெளிச்சமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமாம். பக்கத்தில் காலியாக இருக்கும் வானத்தை அளந்து மொத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் அசல் சரக்கு. இதைப் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். நான் பஸ் ஓட்டுகிறேன்.

ஆபீசில் அவளுக்கு ‘ரம்பம்’ என்று பட்டப்பெயர். யார் தப்பு செய்தாலும் அறுத்துத் தள்ளிவிடுவாள். வீட்டில் பாத்திரம் கழுவுகிறவன் என்ற முறையில் நானும் அதை வழிமொழிகிறேன்.

போன மாதம் அவளுடைய இயக்குநர் ஒரு விண்மீன் கூட்டத்தின் நிறமாலையில், அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து வரைந்த கோட்டில், பள்ளம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளிச்சத்தை விழுங்குகிற, இதுவரை யாரும் பார்க்காத வாயு மேகம் என்று தலைகால் புரியாமல் ஆடினார். வெள்ளிக்கிழமை அறிவிப்பு. இவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அன்றுதான், அதுவும் அவர் கையால்.

வியாழன் மாலை சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“பள்ளம் பூஜ்யத்துக்கும் கீழ போகுது.”

“போனா என்ன?”

“வெளிச்சம் இல்லாம இருக்கலாம். இல்லாததை விடக் குறைவா எப்படி இருக்கும்?”

கழிப்பதற்கு முந்தைய படத்தைத் திறந்தாள். அதில் பள்ளமே இல்லை. ஆனால் காலி வானம் என்று அளந்த இடத்தில் மங்கலாக இன்னொரு விண்மீன் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதன் வெளிச்சத்தையும் வானம் என்று நினைத்துக் கழித்திருக்கிறார்கள்.

“எந்த மடையன் இதைக் காலின்னு சொன்னது?” என்று, வானத்தைக் கழிக்கிற புரோகிராமைத் திறந்தாள். உள்ளே படத்தின் வரிசைகளைப் பற்றி ஒரு குறிப்பு: ‘நாற்பதிலிருந்து அறுபதாவது வரிசை வரை வெறும் வானம். யாரும் மாற்றக் கூடாது.’ எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே அவள் பெயர்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது.

“நாளைக்குக் கையெழுத்து ஆகட்டுமே. திங்கக்கிழமை சொல்லிக்கலாம்.”

“நாளைக்கு அவர் ஊரைக் கூட்டிச் சொல்லப் போறார்,” என்று போனை எடுத்தாள். “சார், அந்தப் பள்ளம் வானத்துல இல்ல. என் புரோகிராம்ல இருக்கு.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு நடக்கவில்லை. வழக்கமான இரண்டு வருஷத்துக்குப் பதிலாக மூன்று மாத ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மூணே மாசமா? உண்மையைச் சொன்னதுக்கா?”

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “அவர் நல்ல மனுஷன். அவர் இடத்துல நான் இருந்திருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”