சுடுகாட்டில் நின்றுபோன லைவ்: அல் குசைஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிராங்ஃபர்ட்டிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் துபாயில் விமானம் மாறுவேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததில்லை. இந்தப் பிப்ரவரியில் இரண்டு நாள் தங்கினேன். காரணம் முருகேசன். முதுகுளத்தூரில் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது துபாயின் அல் குசைஸில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் தங்கி ஏசி டக்ட் மாட்டும் வேலை பார்க்கிறான். மூன்று மாதத்துக்கு முன் அவன் அப்பா இறந்துபோனார். விசா புதுப்பிக்கும் நேரம், பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தது, அவனால் போக முடியவில்லை. அந்தத் துக்கத்தைப் போனிலேயே விசாரித்து முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகப் பிராணி. ஜெர்மனியில் என் பிழைப்பே அதுதான். ஒரு கம்பெனியில் தனியுரிமைப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். அங்கே பிறந்தநாள் விழாவில் அடுத்தவர் குழந்தையைப் படம் எடுக்கவும் அதன் அம்மாவிடம் கேட்க வேண்டும். அப்படிப் பழகியவனுக்கு இங்கே இறங்கியதுமே சந்தேகம் தொடங்கிவிட்டது. குடியேற்ற அதிகாரி கேமராவை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தார்கள். இதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சிம்மை நீட்டினாள்.

முதலாம் முனையத்திலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் யூனியன் ஸ்டேஷன் வந்து, பச்சைத் தடத்துக்கு மாறினால் அல் குசைஸ். மெட்ரோவுக்கான நோல் கார்டு 25 திர்ஹாம். அதில் 19 பயணத்துக்குக் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து கேம்ப்புக்கு டாக்ஸியில் 13 திர்ஹாம் ஆனது. கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் டிரைவரைக் கேட்டேன். பெஷாவர்க்காரர். யாரும் பார்க்கமாட்டார்கள் பாய், பார்ப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்றார். அந்தப் பதில் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

ஞாயிறு என்பதால் முருகேசனுக்கு டியூட்டி இல்லை. கோழிக்குழம்பு வைத்திருந்தான். சாப்பிட்டு முடித்து, அவனுடைய அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவனோ தம்பி சரவணனைப் பற்றித்தான் பேசினான்.

எங்கள் பக்கம் இப்போது கல்யாணத்துக்கு வருகிற ஸ்டுடியோக்காரர்தான் சாவு வீட்டுக்கும் வருகிறார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்து சுடுகாடு வரை லைவ் போடுவார். அன்றைக்கு முருகேசன் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறான். நீர்மாலை எடுத்தது, வாய்க்கரிசி போட்டது எல்லாம் பார்த்தான். சரவணன் குடம் உடைத்தான், கொள்ளியைக் கையில் வாங்கினான். அந்த இடத்தில் திரை கறுத்து, இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"அப்பாவுக்கு மூத்தவன் நான் வைக்கணும் கொள்ளி. நான் பாக்கக் கூடாதுன்னு அந்த எடத்துல கட் பண்ண வச்சுட்டான் மாப்ள," என்றான்.

கொள்ளி வைத்தவனுக்குத்தான் வீடு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது வேறு அவன் மனதில் ஓடியிருக்கிறது. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டுக் கண்டபடி திட்டி, அவன் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டு, நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். பதினைந்து நாளில் லீவு. நேராக மாமியார் வீட்டுக்குப் போவானாம். அப்பா வீட்டு வாசலை மிதிப்பதில்லையாம்.

சந்தேகத்தில் என்னை மிஞ்ச ஆள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு வரி இங்கிலீஷ் என்னை உறுத்தியது. ஸ்டுடியோக்காரர் பாண்டியின் நம்பரை வாங்கிப் பேசினேன். ஆமாம் சார், லைவ் போடும் தளத்திலிருந்து அன்றைக்கே ஒரு மெயில் வந்தது, புரியவில்லை, விட்டுவிட்டேன் என்றார். அனுப்பச் சொன்னேன். லைவில் ஒலித்த பாட்டின் உரிமை ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துடையது, அதனால் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது என்று இருந்தது. பாட்டின் பெயரும் இருந்தது. அமரர் ஊர்தியில் ஸ்பீக்கர் வைத்துப் போட்ட பழைய சினிமாப் பாட்டு.

முருகேசன் என் போனை வாங்கி அந்தப் பாட்டின் பெயரைப் படித்தான்.

"அப்பாவுக்குப் பிடிக்கும்னு அந்தப் பாட்டப் போடச் சொன்னதே நான்தான்டா."

உடனே இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது அவனுக்கு. புகார் கொடுத்தது சரவணனாக இருந்தால்? இது ஆள் கொடுத்த புகார் இல்லை, மெஷின் பாட்டைக் கேட்டுத் தானாக நிறுத்தியது என்று சொன்னேன். எங்கள் அப்பன் சாவை ஒரு மெஷின் நிறுத்தியது என்கிறாயா என்று கேட்டான்.

பாண்டி பெயரில் ஒரு முறையீடு எழுதிக் கொடுத்தேன். அவர் அங்கிருந்து அனுப்பினார். குடித்துக்கொண்டிருந்த சுலைமானி டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், ஏற்க இயலாது. இப்படிப்பட்ட முறையீட்டை மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. அது முதுகுளத்தூருக்குச் செல்லுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் பதில் எழுதியது மனிதர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எரிச்சலாக வந்தது. என் முகத்தை எடுத்த கேமராக்களைக் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கழுத்தறுத்தது நான் வேலை பார்க்கிற கண்டத்திலிருந்து வந்த ஒரு வரி.

நான் போனில் புலம்பியதைக் கேட்டுப் பாண்டி சொன்னார், "சார், கேமரா கார்டுல முழுசாக் கெடக்கு. யாரும் கேக்கலையே."

அனுப்பச் சொன்னோம். பெரிய ஃபைல், கேம்ப் நெட்டில் மெதுவாக இறங்கியது. அதற்குள் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் குடியிருப்பு அனுமதி உள்ள இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா தருகிறார்கள். எனக்கு 14 நாளுக்கு 100 திர்ஹாம் ஆனது. விதி மாறும், கிளம்புமுன் சரிபாருங்கள். இணையவழிப் பேச்சு பல ஆப்களில் இங்கே போகாது. செய்தியும் ஃபைலும் போகும். கேம்ப்புக்குள் போகக் காவலாளியிடம் அடையாள அட்டை கொடுக்க வேண்டும், திரும்பும்போது மறக்காமல் வாங்குங்கள். ஊரில் நல்லது கெட்டது எதற்கு லைவ் போட்டாலும் சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். கேமராவிலும் பதிவு ஓடட்டும்.

ஃபைல் இறங்கியது. நின்றுபோன இடம்வரை முருகேசனே விரலால் தள்ளினான். மொட்டைத் தலையோடு சரவணன், சிதைக்கு முதுகைக் காட்டி, கேமராவைப் பார்த்து நிற்கிறான். பின்னால் அந்தப் பாட்டு. வைப்பா, வைப்பா என்று பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அவன் வைக்கவில்லை.

"அண்ணே, பாத்துக்கிட்டு இருக்கியா? நான் வைக்கட்டுமா?"

லைவில் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்காது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ தோளைத் தொட்டார்கள், அப்போதும் நின்றான்.

முருகேசன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வைடா தம்பி," என்றான்.