அரைக் கலன் பெற்றோல்

கார் வாங்குவது என்று நான் தீர்மானித்தபோது எனக்கு வயது முப்பத்தொன்பது. ஹட்டனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது நோர்வூட் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வாடகை வீட்டில்.

மாலை பஸ் வரும், அல்லது வராது. வராத நாட்களில் பாதித் தூரம் யாருடைய லொறியிலாவது ஏறி, மீதியை நடப்பேன். கொழுந்து பறித்துவிட்டுத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் பெண்கள் அதே பாதையில் கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள். நான் கிட்ட வந்ததும் ஒதுங்கி நின்று, "போங்க டீச்சர்" என்பார்கள். நான் கடந்து போய்ப் பத்தடி நடந்த பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கும். அது மரியாதை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பத்தடியை ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்து அண்ணா ஒரு காசோலை அனுப்பினார். எனக்குச் சீதனம் கொடுக்க என்று எங்கள் ஐயா போட்டு வைத்திருந்த பணம். "இனி இதை நான் வைத்திருந்து என்ன செய்கிறது, நீயே வைத்திரு" என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் எழுதியதல்ல. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. ஆனால் 'இனி' என்ற அந்த ஒரு சொல்லை அன்று பலமுறை வாசித்தேன். ஒரு வாரம் கழித்து, அந்தப் பணத்தில் ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன் என்று அவருக்குப் பதில் எழுதினேன். தனியாக இருக்கிற பொம்பிளைக்குக் கார் என்னத்துக்கு என்று கேட்டு வந்த கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். கைவேலைக்காரர்களை இங்கே பாஸ் என்று கூப்பிடுவார்கள். நானும் அவரைப் பாஸ் என்றே கூப்பிட்டேன். அவருடைய இரண்டு மகள்களும் என்னிடம் படித்தவர்கள். அந்த நன்றிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய பழைய வேனில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். லைசன்ஸ் கிடைத்ததும் அவரிடமே கேட்டேன், எப்படிப்பட்ட கார் பார்ப்பது என்று.

"அழகைப் பாக்காதீங்க டீச்சர்," என்றார். "கொஞ்சமாப் பெற்றோல் குடிக்கணும். இந்த மலையில மூச்சு வாங்காம ஏறணும். ஒடஞ்சா சாமான் இங்கயே கிடைக்கணும். இந்த மூணும் இருந்தாப் போதும்."

முதலில் நுவரெலியாவுக்குப் போனோம். ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகிறார், கார் மலிவாகக் கிடைக்கும் என்று பாஸ் கேள்விப்பட்டிருந்தார். பெரிய கார். தோல் வைத்த ஆசனங்கள், மரத்தில் செய்த முன்பலகை. உள்ளே ஏறி உட்கார்ந்தபோது நான் வேறு யாரோ ஆகிவிட்டது போல இருந்தது. பாஸ் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்த வேகத்திலேயே மூடினார்.

"ஏன் பாஸ், நல்லாத்தானே கிடக்குது?"

"நல்ல கார்தாங்க. ஒங்க சம்பளத்த நேரா பெற்றோல் செட்டுக்கு அனுப்பிடலாம். ஆறு சிலிண்டர்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிறிது துக்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவதை ஹட்டனிலேயே ஒரு தரகர் காட்டினார். பச்சை நிறம், புதிதாகப் பூசியது, முகம் தெரிகிற பளபளப்பு. ஒரு திருகலில் ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பிடித்துவிட்டது. பாஸ் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு சட்டைப் பையில் இருந்து துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பக்கத்தில் வைத்தார். அது ஒட்டாமல் தரையில் விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"உள்ளுக்குத் தகரமே இல்லீங்க. துரு தின்ன எடத்துல பசையப் பூசி மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நாம வாறதுக்கு முன்னாடியே எஞ்சினச் சூடாக்கியும் வச்சிருக்காங்க. சூடா இருந்தா எந்தக் கெழட்டு எஞ்சினும் ஒரே திருகல்ல பிடிக்கும்."

தரகர் விலையைக் குறைத்துக்கொண்டே எங்களுக்குப் பின்னால் வீதி முனைவரை வந்தார்.

மூன்றாவது கார் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தது. தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர் இறந்து மூன்று மாதம். அவருடைய மனைவி மாத முடிவில் குவாட்டர்ஸை விட்டுவிட்டு, மாத்தளையில் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். பாஸ் முன்கூட்டியே, நாங்கள் வரும்வரை காரைத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளைச் சேலையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் எங்களை வரவேற்றார். தோட்டத்தில் அவரைக் கிளாக்கரம்மா என்றார்கள். கொட்டகையில் சின்னக் கறுப்புக் கார் ஒன்று நின்றது. பெயின்ட் மங்கிப்போயிருந்தது. ஆசனத்தில் ஒரு பக்கம் கிழிந்து, வேறு நிற நூலால் தைத்திருந்தது.

"நேத்துல இருந்து தொடலீங்க," என்றார் அந்த அம்மா. பிறகு யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "காலையில குளிர்ல உடனே பிடிக்காது. முன்னால கம்பி போட்டு மூணு நாலு தடவ சுத்தணும். மழை பேஞ்சா வலது பக்கம் காலடியில தண்ணி வரும். இடப்பக்கம் திரும்பறப்ப வெளிய நீட்டுற சிக்னல் கை இருக்கே, அது சிக்கிக்கும். நான் உள்ளார இருந்து ஒரு தட்டு தட்டுவேன், வந்துரும்."

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். விற்கிறவர் வாயால் குறை கேட்டது அவருக்குப் புதிது என்று நினைக்கிறேன்.

நான்காவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. பாஸ் புகையின் நிறத்தைப் பார்த்தார், ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார், காந்தத்தை நாலைந்து இடத்தில் ஒட்டவைத்தார். கடைசியாக, தாங்கியில் இருந்த பெற்றோலை முழுவதும் ஒரு டின்னில் வடித்துவிட்டு, அரைக் கலன் மட்டும், இரண்டு லீற்றர் சொச்சம், அளந்து ஊற்றினார். அது தீரும்வரை ஓட்டிப் பார்த்தால் கார் எவ்வளவு குடிக்கிறது என்று சரியாகத் தெரிந்துவிடுமாம். மைல் மீட்டரைக் குறித்துக்கொண்டார்.

நான் ஓட்டும் பக்கத்தில் ஏறினேன். பாஸ் முன்னால் ஏற வருவதற்குள் அந்த அம்மா மற்றக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"பழக்கம்," என்றார், இறங்கப் பார்த்தபடி.

"இருங்கோ அம்மா," என்றேன். பாஸ் பின்னால் ஏறினார்.

அந்த வீதியை அந்த அம்மா மனப்பாடமாக வைத்திருந்தார். "இங்க ஹாரன் அடிங்க" என்பார், வளைவு வரும். "இப்ப ரெண்டாவது கியர்" என்பார், ஏற்றம் வரும். கார் ஓட்டத் தெரியாதாம். பதின்மூன்று வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்து வந்ததில் தெரிந்துகொண்டதாம். இறக்கத்தில் இறங்கி, பாலம் தாண்டி, பாஸ் சொன்ன இடத்தில் திருப்பி, மறுபடி ஏறினோம். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லிப் பாஸ் கைப் பிரேக்கையும் பார்த்தார். நின்றது.

பதினெட்டு மைல் ஓடியதும் கார் இரண்டு தரம் இருமி நின்றது. இருபக்கமும் தேயிலை. மேலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. "பதினெட்டு," என்றார் பாஸ் சந்தோஷமாக. "இந்த மலையில இதுக்கு மேல எந்தக் காரும் குடுக்காது." இறங்கிப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தவர் அசையாமல் நின்றார். வடித்த பெற்றோலை ஊற்றி வைத்த டின்னைக் கொட்டகைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

கீழே கடையடிக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று அவர் நடந்தார். திரும்பி வர இரண்டு மணிநேரம் ஆனது. நாங்கள் இருவரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தோம். பனி மூடிய பிறகு வீதிகூடத் தெரியவில்லை.

"வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா, நீங்க தனியா வந்து கார் பாக்குறதுக்கு?" என்று கேட்டார்.

"நான் கலியாணம் கட்டேல்லை அம்மா."

அந்த அம்மா அனுதாபமாக எதுவும் சொல்லவில்லை. "அப்ப இந்த எடத்துல யாரு உக்காருவாங்க?" என்றார். காரைப் பற்றிய கேள்வி போலத்தான் கேட்டார்.

பிறகு அவரே பேசினார். கணவர் வீட்டில் அதிகம் பேசமாட்டாராம். ஆபீஸ் முடிந்து வந்தால் பத்திரிகை, பிறகு சாப்பாடு, பிறகு நித்திரை. காருக்குள் ஏறினால் மட்டும் பேசுவாராம். துரையைப் பற்றி, சின்ன வயதைப் பற்றி, மகளைப் பற்றி. "நாவலப்பிட்டிக்குப் போக வர ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரந்தாங்க எனக்குக் குடும்பம்." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து துடைத்துப் பயனில்லை, பனி வெளியே இருந்தது.

நான் என் வீட்டைப் பற்றிச் சொன்னேன். பாதையில் பேச்சை நிறுத்தும் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அண்ணா எழுதிய 'இனி'யைப் பற்றியும் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மலையில் இருந்த பதினோரு வருடத்தில் ஒருவரோடு தொடர்ந்து இரண்டு மணிநேரம் நான் பேசிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

பாஸ் நனைந்துபோய், கையில் போத்தலுடன் வந்தார். அன்றே விலை பேசி முடித்தோம்.

மாத முடிவில் அந்த அம்மாவை நானே நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை. அன்று அவர் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை, கியர் சொல்லவில்லை. இடப்பக்கம் திரும்பும் இடங்களில் மட்டும், சிக்னல் கைக்காக, பழக்கமாகத் தட்டினார். ரயில் வந்ததும், "பத்திரமா ஓட்டுங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஏறினார். இரண்டு கடிதம் போட்டார். மகளைக்கொண்டு எழுதியவை; சுகம் விசாரித்ததற்கு மேல் எதுவும் இல்லை. பிறகு கடிதமும் நின்றது.

கார் என்னை ஏமாற்றவில்லை. பாஸ் சொன்ன மூன்றும் அதில் இருந்தன. ஆனால் வாங்கி ஒரு மாதத்துக்குள், பள்ளிக்கூடத்தை விட்டால் எனக்குப் போவதற்கு இடம் இல்லை என்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவரை ஓட்டிப்போய், குளத்தங்கரையில் நிறுத்தி, கொண்டுபோன பாண் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். உடன் படிப்பிக்கும் ஆசிரியைகள் இருவர் ஒருமுறை என்னோடு வந்தார்கள். அடுத்தமுறை கேட்டபோது ஒருவருக்குப் பிள்ளைக்குச் சுகமில்லை, மற்றவருடைய கணவருக்கு விருப்பமில்லை.

ஒரு மழை நாளில், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு பெண்ணை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். முன்னால் ஏறச் சொன்னேன். அவள் பின்னால் ஏறி, ஆசனத்தின் விளிம்பில், நனைந்த சேலை சீட்டில் படாமல் பார்த்து உட்கார்ந்தாள். நான் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்றாள். இறங்கும்போது கும்பிட்டாள். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருட விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கே காரை ஓட்டிப் போனேன். இரண்டு வாரம் நிற்பதாக எண்ணம். அண்ணா வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"பின்வளவுக்கை விடு பிள்ளை. றோட்டிலை நிண்டால் ஆக்கள் ஒவ்வொண்டு கேப்பினம்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவில், கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டேன். வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். மச்சாள், அண்ணாவின் மனைவி, எனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். ஆனால் காரைப் பற்றியோ, ஹட்டனில் நான் எப்படி இருக்கிறேன் என்றோ யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நான்காம் நாள், பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அண்ணா விடிய எழும்பி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு, நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் காற்றுக் குறைவு என்று தானே பம்ப் எடுத்து அடித்தார். வேர்த்துப்போய் நிமிர்ந்து, "போய்ச் சேர்ந்த உடனை கடிதம் போடு" என்றார்.

வவுனியா தாண்டும்வரை வெயில். கண்டி கடந்து மலை ஏறத் தொடங்கியதும் குளிர் வந்தது, கண்ணாடியை ஏற்றினேன். நோர்வூட்டுக்கு வரும்போது நல்ல மழை. சாமான்களை இறக்கி வைத்து, அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். பிறகு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அண்ணாவுக்கு இரண்டு வரி எழுதினேன். விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.