வேறு பெயரில் வந்த பணம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதக் கடைசியில், கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் இது தொடங்கியது. மிளகு பறிப்பு முடிந்து, வாசலுக்கு வாசல் தார்ப்பாய் விரித்துக் காய வைத்திருந்த நேரம்.

நான் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கையாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற பின், அடிவாரத்து நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மலையில் ஒன்றரை ஏக்கர் வாங்கித் தனியாகக் குடியேறினேன். பக்கத்துத் தோட்டம் ஒரு மலைக்குடும்பத்துடையது. கணவன் மனைவி இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. வங்கிப் படிவம், பட்டா மனு, ரேஷன் அட்டைத் திருத்தம் என்று அவர்கள் வீட்டுக் காகிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். என்ன என்று கேட்டதில்லை.

பொழுது போகாமல் கைப்பேசியில் நான் கற்றுக்கொண்டது கிரிப்டோ வியாபாரம். ஒருவரிடம் டிஜிட்டல் நாணயத்தை வாங்கி, இன்னொருவருக்குச் சற்றுக் கூட்டி விற்பது. நடுவில் தரகரோ நிறுவனமோ கிடையாது. விற்கிற நாணயத்தை ஒரு கணினி நிரல் பூட்டி வைத்துக்கொள்ளும். வாங்குபவர் என் வங்கிக் கணக்குக்கு ரூபாய் அனுப்புவார். பணம் வந்துவிட்டது என்று நான் பொத்தானை அழுத்தினால் பூட்டுத் திறந்து நாணயம் அவருக்குப் போய்விடும். போனால் போனதுதான், திருப்பி வாங்கித் தர ஆள் இல்லை. அதனால் ஓர் எச்சரிக்கை மட்டும் சிவப்பு எழுத்தில் ஒவ்வொரு முறையும் திரையில் வரும்: பணம் அனுப்புகிறவர், பெறுகிறவர், இருவரும் சொந்தப் பெயரில் உள்ள கணக்கையே பயன்படுத்த வேண்டும், பெயர் மாறினால் பூட்டைத் திறக்காதீர்கள்.

யார் யாரோ பணம் போடுவதைப் பார்த்து என் வங்கி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய், உங்கள் கணக்கில் எனக்கு வரவு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“அதுக்கென்னங்க ஐயா, மொளகு விக்கறப்ப தவர அது சும்மாதானுங்க கெடக்குது” என்றார் அவர்.

அவர் மனைவிக்குத்தான் சிரிப்பு. “மொளகுன்னா நாலைக் கடிச்சுப் பாத்து வாங்குவாங்க. உங்க சரக்கை எதைங்க கடிச்சுப் பாக்கறது?”

கணவர் காட்டுக்குப் போய்விட்டால் வீட்டுக் கைப்பேசி அந்த அம்மாளிடம்தான் இருக்கும். எட்டாவது வரை படித்தவர். வங்கிக் குறுஞ்செய்தி வந்ததும் வேலியோரம் வந்து நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வார். நான் பொத்தானை அழுத்துவேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் சற்றுப் பெரிய தொகை. வாங்க வந்தவர் ஓர் ஆண். அந்த அம்மாள் செய்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, காசு வந்திருச்சுங்க. ஆனா இதுல பொம்பள பேரால்ல இருக்குது? ஆம்பளைக்கு விக்கறேன்னீங்க?”

வாங்குபவரிடம் எழுதிக் கேட்டேன். மச்சினன் மனைவியின் கணக்கு என்று பதில் வந்தது.

“ஊட்டு ஆளுகளுதாம் அம்மிணி” என்றேன். “சோளக்காட்டுல யாரு சொந்த நம்பர்ல காசு போடறாங்க?”

அந்த அம்மாள் யோசித்துப் பார்த்து, “அதுவும் சரிதானுங்க” என்றார்.

எங்கள் சந்தையில் அப்படித்தான். மிளகு வியாபாரி கையில் இருப்பில்லை என்றால் டீக்கடைக்காரரைப் போடச் சொல்வார். பலாப்பழம் ஏற்ற வந்த லாரி டிரைவர் தன் தங்கை வீட்டுக்காரர் எண்ணிலிருந்து அனுப்புவார். ஆள் எதிரே நிற்கிறார், அடுத்த வாரமும் வருவார். பெயரை யார் பார்க்கப் போகிறார்கள்? முகம் தெரிந்த சந்தையின் பழக்கத்தை முகமே தெரியாத இடத்துக்கு நான் கொண்டுபோனேன். வேலையில் இருந்த காலமெல்லாம் ‘யார் பெயரில் வந்தது’ என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டவன், அன்று கேட்க வேண்டிய இடத்தில் சமாதானம் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வளைந்திருந்த ஒரு கிளை விடுபட்டு அந்த அம்மாளின் வலக்கண்ணில் அடித்தது. மறுநாள் பார்வையின் ஓரத்தில் நிழல் தட்டியது. சேலத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை ஓரத்தில் பிரிந்திருக்கிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, இரண்டொரு நாளில் அறுவை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்றாராம். காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். மிளகு விற்ற பணம் கணக்கில் இருக்கிறது என்ற தைரியத்தில், தேதி வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் வங்கிக்குப் போன கணவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஐயா, கணக்கை முடக்கி வெச்சிருக்குதாமுங்க. வடக்க எந்த ஊரு போலீசோ சொல்லிருச்சாம். நமக்கும் வடக்க இருக்கறவனுக்கும் என்னுங்க சம்மந்தம்?”

கேட்ட நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய பெண் யாருடைய மச்சினன் மனைவியும் அல்ல. எங்கோ ஒரு பெண்ணை ஏமாற்றி, அவர் கையாலேயே இந்தக் கணக்குக்குப் பணம் போடவைத்து, என் நாணயத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போலீஸ் பணம் போன வழியைப் பிடித்து வந்து, அது போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்திவிட்டது.

நான் சொன்னது இதுதான்: “உங்க பேருல இன்னொருத்தர் இருப்பாருங்க. ஆள் மாத்தி முடக்கியிருப்பாங்க. நான் எழுதிப் போடறேன், ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

“அதுவரைக்கும் மொளகு ஏவாரிகிட்ட வட்டிக்குக் கேட்டுப் பாக்கட்டுங்களா?”

“வேண்டாங்க. போலீசு கீலீசுன்னு சந்தையெல்லாம் பேச்சாயிரும். பொறுங்க.”

பேச்சாகிவிடும் என்று பயந்தது அவருக்காக அல்ல, எனக்காக. என் பெயரில் வைப்புத்தொகை இருந்தது. அதை உடைத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், நீங்கள் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி வரும் என்று தயங்கினேன். அது மட்டும் காரணம் என்றால் பொய். உடைக்க மனமும் வரவில்லை. மின்னஞ்சல் எழுதினேன், வங்கிக்கும் அந்த ஊர் போலீசுக்கும் மாறி மாறிப் போன் செய்தேன். மறுநாள் சரியாகிவிடும் என்று தினமும் வேலியோரம் நின்று அவர்களுக்குச் சொன்னேன். டாக்டர் கொடுத்த தேதி போய்விட்டது. அவர்கள் காத்திருந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் அந்த அம்மாள் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“மேலிருந்து கறுப்புச் சேல எறங்கற மாதிரி இருந்துச்சுங்க. இன்னிக்கு உங்க மூஞ்சியே தெரியலீங்க ஐயா.”

அதற்குப் பிறகுதான் கார் பிடித்தேன். தலை ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் எழுபது வளைவிலும் கணவர் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். வழியில் என் வங்கியில் வைப்புத்தொகையை உடைத்தேன். அரைமணி நேர வேலை.

சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, “நடுப்பகுதியும் விட்டுப்போச்சே. ஏம்பா இவ்வளவு லேட்டு?” என்று கோபப்பட்டார்.

“பேங்க்ல ஆள் மாறாட்டமுங்க சார்” என்றார் கணவர், கையைக் கட்டிக்கொண்டு. என் பொய்யை அவர் தன் குற்றம்போலச் சொன்னார்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது, தாழ்வாரத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வட்டிக்கு வாங்கியிருப்பேனுங்களே” என்றார். பிறகு, “அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால ஆகாது.”

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த அம்மாளிடம் சொன்னேன். “நான் கேட்டேனுங்களே ஐயா, கேட்டேன்ல?” என்று இரண்டு முறை சொன்னார். அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

நடந்ததையெல்லாம் போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். பணத்தைப் பறிகொடுத்த பெண் ஒரு சத்துணவுக்கூடச் சமையல்காரர் என்று விசாரணையில் தெரிந்தது. வந்த தொகையை நானே கட்டினேன். வழக்கு முடிந்து பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கணக்கு திறக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் வாக்குமூலம் கொடுக்க இரண்டு முறை ரயிலேறி, மொழி தெரியாத ஊரின் காவல் நிலைய பெஞ்சில் அவர் உட்கார வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

இப்போது அவர் காகிதங்களைச் சோளக்காட்டில் கணினி வைத்திருக்கும் கடைக்கு எடுத்துப் போகிறார். வரிசையில் நின்று, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறாராம். அந்த அம்மாள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் காலால் தடவிப் பார்த்து வைக்கிறார். என் வீட்டு ஜன்னலிலிருந்து அது தெரியும்.

விசாரித்த போலீசாரும் வங்கிக்காரர்களும் அந்த ஒரு வரவைப் பற்றித்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நான்கு நாட்களைப் பற்றி எங்கேயும் யாரும் கேட்கவில்லை என்பதால், அதை நானே இங்கே எழுதுகிறேன்.