இதில் மீன் இல்லை

எங்கள் அலுமாரிக்கு மேலே ஒரு றெஜிபோம் பெட்டி இருக்கிறது. மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்களே, அதே வெள்ளைப் பெட்டிதான். மூடியில் நீலப் பெயின்ற்றால் 'இதில் மீன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவன் என் தம்பி, நாயாற்றில் மீன் எடுத்து வற்றாப்பளைப் பக்கம் விற்பவன். அப்போது அதற்குள் இருந்தது ஊசி மருந்து. ஊசி எனக்கல்ல, தம்பியின் மனைவிக்கு. எனக்கு அவர் மச்சாள், அவருக்கும் நான் மச்சாள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கொழும்பில் டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: கருப்பை நன்றாக இருக்கிறது, முட்டைதான் இல்லை. இன்னொரு பெண் தன் கருமுட்டையைத் தந்தால், அதை என் கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி என் வயிற்றில் வைக்கலாம். வவுனியாவில் ரயில் நிற்கும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், வீட்டுக்கு வந்து கதிரையில் சும்மா குந்தியிருந்தேன். மறுநாள் மச்சாள் மீனோடு வந்தார். குசினியில் செதில் சுரண்டியபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கறிவேப்பிலை கேட்டவளுக்கு மரத்தைக் காட்டுவது போல, "என்னட்டை எடுங்கோவன் மச்சாள். எனக்கு ரெண்டு பொடியள் காணும், இனி வேண்டாம்" என்றார்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பயம்தான். பிள்ளையைச் சுமந்து பெறப்போவது நான், ஊரோ 'அது அவளின்ர பிள்ளை' என்று சொல்லிவிடுமே என்ற பயம். அதனால் வெட்கமில்லாமல் கேட்டேன், யாருக்கும் தெரியக்கூடாது என்று. மச்சாள் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மாமன் பிள்ளைகள் முறைக்கு மச்சான்மார். பெண் குழந்தை பிறந்தால் தொட்டிலிலேயே அவளுக்கு மாப்பிள்ளை பேசிப் பகிடி பண்ணுகிற சனம் நாங்கள். இந்தப் பிள்ளைக்கோ அவர்கள் இரத்தத்தில் அண்ணன்மார். "ஊருக்குச் சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா பிள்ளை என்ர பொடியளை அண்ணா எண்டுதான் கூப்பிட வேணும்" என்றார் அவர். ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அன்று என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஊருக்குச் சொல்லாமல் முறையை மட்டும் எப்படி மாற்றுவது என்று யோசிக்கவே இல்லை.

கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் பிரிட்ஜை நம்பாமல் தம்பியின் பெட்டியில் மருந்தை வைத்தோம். அதைக் குளிராக வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. தம்பியோ ஐஸ் கூடினால் நல்லது என்று மட்டும் தெரிந்தவன். விளைமீனைப் புதைப்பது போல மருந்தை ஐஸுக்குள் புதைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் ஐஸைப் பையில் கட்டி ஒரு மூலையில் ஒதுக்கினான். அடுத்த தொல்லை அயலில் இருந்து வந்தது. எங்கள் விறாந்தையில் மீன்பெட்டியைக் கண்டவர்கள் சட்டியோடு படலைக்கு வந்து, "இண்டைக்கு என்ன மீன்?" என்றார்கள். மூன்றாம் நாள் தம்பி பெயின்ற் வாளியோடு வந்துவிட்டான்.

பின்னேரம் ஆறு மணிக்கு நான்தான் ஊசி போடுவேன். தாதி காட்டித்தந்தபடி வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்புவேன். "கண்ணைத் திறந்துகொண்டு குத்துங்கோ மச்சாள், அது என்ர வயிறு" என்பார் அவர். கடைசி நாட்களில் அந்த வயிறு ஊதி, குனியவே கஷ்டப்பட்டார். கொழும்பில் முட்டைகளை எடுத்து முடித்து, மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்து, "காணுமாமோ?" என்று கேட்டார். காணும், முட்டை போதுமாம் என்றேன். அவ்வளவுதான், திரும்பவும் நித்திரையாகிவிட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த துடக்கைக் கழிக்கும் சடங்குக்குச் சொந்தபந்தம் கூடியது. என் கணவரின் பெரியம்மா காப்போடு வந்து, மச்சாளின் மூத்தவனைப் பிடித்து இழுத்தார். "வாடா மாப்பிளை, உன்ர பொம்பிளைக்கு உன்ர கையால காப்பைப் போடு." வீடே சிரித்தது. மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். சொன்னால் என் பிள்ளை என்னுடையவளாக இருப்பாளோ என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, "அவன் இவளுக்கு அண்ணன், பெரியம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

பெரியம்மா காப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவரைக் குழப்பியது டொக்டரின் வேலையல்ல, சடங்கு. "அப்ப இவள் பெரிசாகேக்க, சாமத்திய வீட்டுக்கு மாமியா ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்.

"மாமி நான்தான்" என்றார் மச்சாள். "அம்மா அங்க பால் குடுத்துக்கொண்டு இருக்கிறா."

பெரியம்மா பையனின் கையைத் தட்டி, "சரி, அண்ணனாவே போட்டுவிடு" என்றார். நான் குனிந்து பிள்ளையைப் பார்ப்பது போலக் கண்ணைத் துடைத்தேன்.

போன கிழமை, முதலாம் வகுப்புக்குப் போகும் மகள் கதிரையில் ஏறி நின்று, பெட்டியை இழுத்துச் சரித்து, அந்த மூடியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெட்டி விழாமல் நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். மீன் இல்லையென்றால் வேறு என்ன இருந்தது என்று ஒரே பிடி. மச்சாளும் வந்திருந்தார். அவளுக்கு விளங்கும் அளவில் எல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு மாமியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"நீங்கள் தந்த முட்டை எவ்வளவு பெரிசு மாமி?"

"கண்ணுக்கே வடிவாத் தெரியாது, அவ்வளவு சின்னன்."

மகள் தன் கையையும் காலையும் ஒருமுறை நீட்டிப் பார்த்தாள். "அப்ப ஆர் என்னை இவ்வளவு பெரிசாக்கினது?"

மச்சாள், கதிரைக்குப் பக்கத்தில், பெட்டியைத் தாங்கிப் பிடித்தபடி நின்ற என்னை நாடியை நீட்டிக் காட்டினார்.