கடை வேறு, கடைக்காரர் வேறு

பிளஸ் டூவில் நான் உயிரியல் படித்தவள். டாக்டர் ஆகிவிடுவேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், என்னைத் தவிர. நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் அந்த நம்பிக்கை சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்த்துவிட்டார்கள். "நம்ம கடைக்கு ஆவும்ட்டி" என்றார் அப்பா. வகுப்பில் மற்ற எல்லோரும் பள்ளியிலேயே கணக்குப் பதிவியலைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியாமல் முழித்தது நான்தான். தவளைக்கு இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முதல் வகுப்பிலேயே மேடம் பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'கடை' என்று எழுதினார். வெளியே ஒரு புள்ளி வைத்து 'கடைக்காரர்' என்று எழுதினார். "கடை வேற, கடைக்காரர் வேற. ரெண்டும் ரெண்டு ஆள். இது புரியலன்னா மூணு வருஷமும் ஒண்ணும் புரியாது" என்றார். எனக்குப் புரியவில்லை. கடைக்காரர் போட்ட முதல், கடைக்குச் சொத்து என்றுதானே எழுத வேண்டும்? அதைப் பொறுப்புகள் பக்கம் எழுதச் சொன்னார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் எனக்கு அதை விளக்கினாள். அடையாற்றங்கரையில் வீடு இருந்து, அதை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்ட குடும்பம் அவளுடையது. இரண்டு பஸ் மாறி வருவாள். "இன்னாடி இதுல குழப்பம்? கடைய ஒரு ஆளுன்னு வெச்சுக்க. ஓனர் அந்த ஆளுக்குத் துட்டு குட்த்துகிறாரு. அந்த ஆளு திருப்பித் தரணும்ல? அப்ப அது கடன்தான" என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் கணக்கு ஏறத் தொடங்கியது. ஏறியது வம்பாகப் போயிற்று.

எங்கள் கடை தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரக்கடை. தூத்துக்குடி பக்கத்திலிருந்து பெரியப்பா முதலில் வந்து கடை வைத்தார். பத்தாவது முடித்த கையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் ஷட்டரைத் தூக்குவது, சூடம் காட்டுவது, சீர்வரிசைக்கு வருகிறவர்களிடம் குடத்தைச் சுண்டிக் காட்டிப் பேசுவது எல்லாம் அப்பாதான். பெரியப்பா கல்லாவில் உட்காருவார். மதியம் இருவரும் மாடியில் ஒரே இலையைக் கிழித்து ஆளுக்குப் பாதி போட்டுச் சாப்பிடுவார்கள்.

அப்பாவுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் ஆட்களில் கூடப் பிறந்தவனுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அவனை வேலைக்காரன் ஆக்கிவிட்டதாக அர்த்தம், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் முகத்தில் விழிக்க முடியாது. சனிக்கிழமை ராத்திரி கல்லாவை மூடும்போது பெரியப்பா ஒரு கொத்து நோட்டை எடுத்து, "வீட்டுக்கு வச்சுக்கோல" என்று கொடுப்பார். அவரும் எண்ண மாட்டார், அப்பாவும் எண்ண மாட்டார். அந்த எண்ணாமையில் இரண்டு பேருக்குமே கொஞ்சம் பெருமை இருந்தது.

இரண்டாவது செமஸ்டரில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். தெரிந்த கடை ஒன்றை எடுத்துக்கொண்டு, உரிமையாளர் யார், முதல் போட்டது யார், சம்பளத்துக்கு இருப்பது யார் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஜி.எஸ்.டி. சான்றிதழைப் படம் பிடித்து ஒட்ட வேண்டும். எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. உரிமையாளர்கள் என்று எழுதி, பெரியப்பா பெயரையும் அப்பா பெயரையும் போட்டேன். சான்றிதழ் கல்லாவுக்குப் பின்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கத்தான் தொங்குகிறது. அதையும் படம் பிடித்து ஒட்டினேன்.

மேடம் படத்தைப் பார்த்தார். "தனி உரிமையாளர்னு போட்டிருக்கு. ஒரு பேருதான் இருக்கு. இதுல உங்க அப்பா எங்க வராரு?" என்று கேட்டார்.

"கூட இருக்காங்க மேடம்" என்றேன்.

"பார்ட்னரா?"

"எழுதி வச்சுக்கல."

"அப்போ சம்பளமா?"

"இல்ல மேடம். வீட்டுச் செலவுக்கு வாங்குவாங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. பேனாவால் என் தாளின் ஓரத்தில், 'எடுப்புகள் - உரிமையாளரின் சொந்தச் செலவு' என்று எழுதினார். பஸ்ஸில் நின்றுகொண்டே அதை யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை நோட்டுக் கொத்து பெரியப்பாவின் சொந்தச் செலவு. அப்படியானால் எங்கள் வீட்டு அரிசி அவருடைய சொந்தச் செலவு. என் காலேஜ் ஃபீஸ் அவருடைய சொந்தச் செலவு. இத்தனை வருஷம் ஷட்டரைத் தூக்கிய அப்பா அந்த ஏட்டில் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தான். கம்ப்யூட்டர் பில் வந்தது. அப்பாவைப் பாதி நாள் கிண்டி குடோனுக்கு அனுப்பினார்கள், சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்ள. பெரியப்பாவுக்கோ நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்பாவைக் கடையில் யார் என்று சொல்வார்கள்? இதைத்தான் அன்றைக்கு எங்கள் ஆதம்பாக்கம் வீட்டில், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். நேரம் காலம் பார்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"அப்பா, கடையில நீங்க யாரு?"

"என்னட்டி கேள்வி இது. அண்ணன் கடை, நான் தம்பி."

"அது வீட்ல. எழுத்துல யாரு?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "காலேஜுக்கு அனுப்புனது அண்ணன் தம்பிய பிரிக்கதுக்கா? எங்களுக்குள்ள என்னத்துக்கு எழுத்து?" என்றார். தட்டோடு எழுந்து போய்விட்டார். எனக்கும் கோபம் வந்தது. படிக்க வைத்துவிட்டு, படித்ததைப் பேசாதே என்றால் எப்படி?

ஆனால் அம்மா விடவில்லை. அம்மா அதிகம் பேச மாட்டாள், பேசினால் ஒரே விஷயத்தை மாசக்கணக்கில் பேசுவாள். "அவ கேட்டதுல தப்பில்ல. அந்தப் பய நாளைக்கு வெளிய போங்கன்னா எந்த வாசல்ல நிப்பீங்க?" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நாளும் அவள் அதையேதான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கறிக்குழம்பு. சாப்பாடு முடிகிற நேரத்தில், அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ள என்னமோ படிச்சிட்டு வந்து சொல்லுதா, அண்ணே. எழுத்துல எனக்கும் ஒண்ணு இருந்தா நல்லதாம்." கேட்டபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி, "நியாயந்தானல. செஞ்சிருவோம்" என்றார். என்னைப் பார்த்து, "நல்லாப் படிக்கே" என்றார். அன்று சாயங்காலம் அம்மா கேட்காமலே எனக்கு ஒரு சுடிதார் வாங்கித் தந்தாள். கூட்டாண்மைப் பத்திரம் எப்படி இருக்கும் என்று நான் அப்பாவுக்கு விளக்கினேன். இலாபத்தை எந்த விகிதத்திலும் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். "சமமால்லாம் வேண்டாம்ட்டி. அண்ணன் அண்ணன்தான்" என்றார் அப்பா. எந்தப் பேனாவால் கையெழுத்துப் போடுவது என்றுகூட அவர் யோசித்திருப்பார்.

அடுத்த மாதம் முதல் தேதி அப்பா ஒரு நீளமான கவரோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே இருந்தது சம்பளச் சீட்டு. பதவி என்ற இடத்தில் மேற்பார்வையாளர் என்று இருந்தது. பி.எஃப். எண் இருந்தது. தொகை, சனிக்கிழமைப் பணத்தை எல்லாம் கூட்டினாலும் வராத அளவுக்கு அதிகம். பெரியப்பா மகன்தான் விளக்கினானாம். "ஆடிட்டர்ட்ட கேட்டேன் சித்தப்பா. இப்படித்தான் முறையாம். செலவுல காட்டிக்கிடலாம், உங்களுக்கும் எழுத்துல ஒண்ணு ஆச்சு." பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினாராம்.

ஏமாற்றினார்கள் என்று சொல்லிச் சண்டை போடவும் வழியில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள், கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என் கேள்வி சரியான கேள்வி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்பாவிடம், "நீங்க அதை வாங்கிட்டு வந்திருக்கக் கூடாது" என்று கத்தினேன். "அண்ணன் குடுத்தத எப்படிட்டி வேண்டாம்னு சொல்ல?" என்றார். மறுநாளிலிருந்து அவர் கடை மாடிக்குச் சாப்பிடப் போவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் கூப்பிடாமல் இல்லை. இவருக்குக் கூச்சம்.

செமஸ்டர் தேர்வில் இறுதிக் கணக்குகள் கேட்டிருந்தார்கள். ஏதோ ஒரு வணிகரின் இருப்பாய்வு. அதில் சம்பளம் என்று ஒரு வரி. இலாப நட்டக் கணக்கில் பற்றுப் பக்கம் முதலில் எழுத வேண்டியது அதுதான். எழுதும்போது அப்பாவின் நீளக் கவர் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்தது, நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அடையாற்றங்கரைக்காரி கேன்டீனில் எனக்குச் சமோசா வாங்கிக் கொடுத்து, "ஏன்டி மூஞ்சிய தூக்கி வெச்சுன்னு கீற? பாஸாயிட்டல்ல" என்றாள்.

போன மழையில் அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். அதுவரை உடம்புக்கு முடியாவிட்டால் அவர் பாட்டுக்குப் படுத்துக்கொள்வார், பெரியப்பா போன் செய்து கஷாயம் குடித்தாயா என்று கேட்பார். அன்று காலை அவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, சம்பளக்காரனுக்கு மாசம் எத்தன நாள் லீவு உண்டு? ஒங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

இல்லை என்றேன்.

"சரி, அவன்ட்டயே கேட்டுக்கிடுதேன்" என்றார். பிறகு எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டு, பித்தானை எல்லாம் பூட்டிக்கொண்டு, நின்றபடியே அண்ணன் மகனுக்குப் போன் செய்தார்.